காரியக்காரர் கேட்ட பாட்டும் கேட்காத பாட்டும்
கருப்பின அடிமைப் பாடல்களின் மறைபொருளும் நமது வாசிப்பும்



சுமார் 20 ஆண்டுகளுக்கு முன், சமூகவியல் முதுகலை மாணவர்களாக இருந்தபோது, நாங்கள் நான்கு பேர் ஒரு டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு கீழத்தஞ்சைப் பகுதிச் சேரி ஒன்றுக்கு நடவுப் பாட்டு சேகரிக்கப் போனோம். எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி வாசலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். பண்ணையாள் முறை இருந்த காலத்தில் சிறுமியாக நடவுக்குப் போனவர். “ஒரு நடவுப் பாட்டு பாடுங்க பாட்டி” என்று கேட்டோம். அவர் திருப்பிக் கேட்டார்: “காரியக்காரரு வரப்புல நிக்கிறப்ப பாடுனதா, அவரு அந்தண்ட போனப்ப பாடுனதா?”

எங்களிடம் பதில் இல்லை. எங்கள் படிவத்தில் அப்படி ஒரு கட்டமே இல்லை. தொழிற்பாடல், தாலாட்டு, ஒப்பாரி, சடங்குப் பாடல் என்று நான்கு கட்டங்கள்தான் இருந்தன. “ஏதாவது ஒண்ணு பாடுங்க” என்றோம். அவர் சிரித்துவிட்டு ஒன்றைப் பாடினார். மழையை வாழ்த்தி, மண்ணை வாழ்த்தி, பண்ணையையும் வாழ்த்துகிற பாட்டு. வரப்பில் ஆள் நிற்கும்போது பாடியது எது என்று இன்று எங்களுக்குத் தெரிகிறது. அன்று அதைத் ‘தொழிற்பாடல்’ கட்டத்தில் எழுதி ஆய்வேட்டில் சேர்த்தோம். நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது.

இந்த நினைவுச் சொற்பொழிவில் அந்தப் பாட்டியின் கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். ஒரு பாட்டின் மறைபொருளை எங்கே தேடுவது? நம் பண்டிதர்கள் அதைச் சொல்லுக்குள் தேடுகிறார்கள். இதற்கு இது உவமை, அதற்கு அது குறியீடு என்று பட்டியல் போடுகிறார்கள். பாட்டி வேறு இடத்தைக் காட்டினார். வரப்பில் யார் நின்றார் என்று பார்க்கச் சொன்னார். இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு இன்று நாம் தொலைவில் உள்ள ஒரு நிலத்துக்குப் போகப் போகிறோம்: அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்தி, புகையிலை, நெல் பண்ணைகளுக்கு.

ஏன் அங்கே போகவேண்டும்? இரண்டு காரணங்கள். முதலாவது, உறவு. மகாத்மா ஜோதிராவ் புலே 1873இல் வெளியிட்ட ‘குலாம்கிரி’ நூலை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1946இல் கருப்பின அறிஞர் டபிள்யூ.ஈ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்குக் கருப்பின மக்கள் அளித்த மனுவைக் கேட்டார். டுபாய்ஸ் பதிலும் எழுதினார். 1972இல் மும்பையில் எழுந்த தலித் பேந்தர் இயக்கம் தன் பெயரையே அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டது. இரண்டாவது காரணம், சான்று. அங்கே அடிமைகளாக இருந்தவர்களே எழுதக் கற்று, தாங்கள் பாடிய பாட்டுக்கு என்ன பொருள் என்று தங்கள் கையால் எழுதி வைத்தார்கள். நம் பண்ணையாட்களுக்கு அந்த வாய்ப்பு அநேகமாகக் கிடைக்கவில்லை. ஆகவே அவர்கள் எழுதியதிலிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம்.

முரசைப் பறித்த சட்டம்

1739ஆம் ஆண்டு தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். ஆயுதக் கிடங்கு ஒன்றைக் கைப்பற்றி, கொடி பிடித்து, முரசு அடித்துக்கொண்டு தெற்கு நோக்கி நடந்தார்கள். எழுச்சி அடக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1740இல், அந்தக் காலனியின் சட்டசபை ஒரு கடுமையான சட்டத்தைப் போட்டது. அடிமைகள் முரசும் கொம்பும் வைத்திருக்கக் கூடாது. அவற்றால் ஒருவருக்கொருவர் சேதி சொல்லிக் கூடிவிடுவார்கள் என்பது சட்டமே சொன்ன காரணம். அதே சட்டம் அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பவருக்கு அபராதமும் விதித்தது. தோற்கருவியும் எழுத்தும் ஒரே சட்டத்தால் பறிக்கப்பட்டன என்பதைக் கவனியுங்கள். இரண்டும் சேதி சொல்பவை என்பதை ஆண்டைகள் அறிந்திருந்தார்கள்.

இங்கே நமக்கு ஒரு வேறுபாடும் உண்டு. அங்கே முரசைத் தொட்டால் தண்டனை. இங்கே பறை நம் தோளில் கட்டாயமாக மாட்டப்பட்டது. சாவுக்கும் திருவிழாவுக்கும் அடிக்க மறுத்தால் தண்டனை. ஆனால் இரண்டு இடத்திலும் கருவியின் மேல் இருந்த உரிமை கருவியை அடித்தவருக்கு இல்லை. எப்போது ஒலிக்கவேண்டும், எப்போது ஒலிக்கக் கூடாது என்பதை ஆண்டைதான் முடிவு செய்தார்.

1831இல் வர்ஜீனியாவில் நாட் டர்னர் தலைமையில் இன்னொரு கிளர்ச்சி நடந்தது. டர்னர் அடிமை, எழுத்தறிந்தவர், போதகர். அதன்பின் தென்மாநிலங்களில் கருப்பினத்தவர் தாங்களே கூடி வழிபடுவதற்கும் படிப்பதற்கும் எதிரான சட்டங்கள் இறுகின. வெள்ளையர் கண்காணிப்பில்தான் வழிபாடு என்றானது. வேதநூலிலும் கை வைத்தார்கள். பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று 1807இல் லண்டனில் அச்சிட்ட விவிலியத்தில், எகிப்தில் அடிமைப்பட்டிருந்த இஸ்ரவேலரை மோசே மீட்டுக்கொண்டு வரும் கதையே எடுக்கப்பட்டிருந்தது. எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் பகுதிகள் இருந்தன. ஒரு கதையின் உட்பொருள் கேட்பவருக்குப் புரிந்துவிடும் என்ற பயம் இல்லாவிட்டால் யாரும் அதை வெட்டமாட்டார்கள்.

1860 கணக்கெடுப்பின்போது அமெரிக்காவில் அடிமைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 40 லட்சம். கருவி இல்லை, எழுத்து இல்லை, கூடும் உரிமை இல்லை. மிஞ்சியது வாய். அதையும் ஆண்டைகள் விட்டுவைத்ததற்குக் காரணம் கருணை கிடையாது. பாட்டு வேலையை வேகப்படுத்தியது. பாடுகிறவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டிக்கொடுத்தது. மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து 1838இல் தப்பிய பிரெடெரிக் டக்ளஸ் இதைத் தெளிவாகச் சொல்கிறார். வேலை செய்தால் மட்டும் போதாது, பாடவும் வேண்டும் என்று அடிமையிடம் எதிர்பார்த்தார்கள். பேசாமல் இருக்கும் அடிமையை எஜமானுக்கும் மேற்பார்வையாளருக்கும் பிடிக்காது. சத்தம் கொடுக்கச் சொல்லி அதட்டுவார்கள் என்கிறார். மௌனத்தைக் கண்டு அவர்கள் பயந்தார்கள்.

ஆக, பாடு என்பது ஆண்டையின் கட்டளை. என்ன பாடுவது என்பதில் மட்டும் ஒரு சிறு இடம் இருந்தது. மறைபொருள் அந்தச் சிறு இடத்தில்தான் பிறந்தது.

பாடியவர்கள் சொன்ன பொருள்

டக்ளஸ் 1845இல் தன் வரலாற்றை முதன்முதலாக வெளியிட்டபோது, வடமாநிலங்களில் பலர் தன்னிடம் அடிமைகள் பாடுவதை அவர்களின் மனநிறைவுக்குச் சான்றாகச் சொன்னதைக் கேட்டுத் திகைத்ததாக எழுதுகிறார். அதைவிடப் பெரிய பிழை இருக்க முடியாது என்பது அவர் பதில். துயரம் மிகும்போதுதான் அடிமை மிகுதியாகப் பாடுகிறான். கண்ணீர் நெஞ்சுக்கு எப்படியோ அப்படித்தான் அவனுக்குப் பாட்டு என்று விளக்குகிறார். அவர் இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறார். தான் அடிமையாக இருந்தபோது அந்தப் பாடல்களின் ஆழ்ந்த பொருள் தனக்கே விளங்கவில்லை. வட்டத்துக்கு உள்ளே இருந்ததால் வெளியே இருப்பவரைப் போலப் பார்க்க முடியவில்லை என்கிறார். இந்த நேர்மையை நாம் மதிக்கவேண்டும். உள்ளே பிறந்துவிட்டதாலேயே பொருள் தானாக விளங்கிவிடாது. விடுதலை பெற்ற கண்ணோடு திரும்பிப் பார்க்கும்போதுதான் சில விளங்கும்.

1855இல் வெளியான தன் இரண்டாவது நூலில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். 1836இல் அவரும் நண்பர்கள் சிலரும் தப்பி ஓடத் திட்டமிட்டார்கள். அந்த நாட்களில் கானான் தேசத்துக்குப் போவதைப் பற்றிய ஒரு பக்திப் பாட்டை அவர்கள் திரும்பத் திரும்பப் பாடினார்கள். மேற்பார்வையாளருக்கு அது மறுமையைப் பற்றிய பாட்டு. பாடியவர்களுக்கோ கானான் என்றால் வடமாநிலம்; அடிமைமுறை இல்லாத மண். கூர்ந்து கவனிக்கத் தெரிந்தவர் அங்கே நின்றிருந்தால், இவர்கள் சொர்க்கத்துக்கு அப்பாற்பட்ட ஏதோ ஒன்றையும் விரும்புகிறார்கள் என்று கண்டுபிடித்திருப்பார் என்று எழுதுகிறார் டக்ளஸ். அந்தத் திட்டம் காட்டிக்கொடுக்கப்பட்டு அவர்கள் சிறைக்குப் போனார்கள். பாட்டு அவர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அதே மேரிலாந்தில் பிறந்த இன்னொருவர் ஹேரியட் டப்மன். 1849இல் தப்பினார். தப்பியவர் திரும்பத் திரும்ப உள்ளே போய், சுமார் 13 பயணங்களில் 70 பேர் அளவுக்கு மீட்டு வந்தார். அவர் சொல்லக் கேட்டு சாரா பிராட்ஃபோர்டு 1869இல் எழுதிய நூலில் இரண்டு செய்திகள் உள்ளன. தப்புவதற்கு முன், தான் போகிறேன் என்பதைச் சொந்தங்களுக்கு நேராகச் சொல்ல வழியில்லாமல், விடைபெறும் பக்திப் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டு குடியிருப்பைக் கடந்து நடந்தார். எதிரே குதிரையில் வந்த எஜமானுக்குக் குனிந்து வணக்கமும் சொன்னார். பின்னாளில் காட்டுக்குள் ஒளிந்திருப்பவர்களை அழைக்கும்போது, ஆபத்து இல்லை என்பதற்கு ஒரு பாட்டு, வெளியே வராதே என்பதற்கு மோசேயைப் பற்றிய பாட்டு என்று வைத்திருந்தார். இங்கே பாட்டின் சொல்லுக்கு என்ன பொருள் என்பது முக்கியமில்லை. எந்தப் பாட்டு என்பதுதான் சேதி.

மூன்றாவது சான்று ஆண்டைகள் தரப்பிலிருந்தே வருகிறது. உள்நாட்டுப் போரின்போது, விடுதலையான அடிமைகளைக் கொண்டு அமைத்த தென் கரோலினா படைப்பிரிவு ஒன்றுக்குத் தளபதியாக இருந்தவர் தாமஸ் வென்ட்வொர்த் ஹிக்கின்சன் என்னும் வெள்ளையர். இரவில் தீமூட்டிப் பாடும் தன் வீரர்களின் பாடல்களைக் குறித்து வைத்து, 1867இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அவற்றுள் ஒன்று, சீக்கிரமே விடுதலை அடைவோம், ஆண்டவர் நம்மை அழைப்பார் என்ற பொருளில் அமைந்த பழைய பாட்டு. போர் தொடங்கிய சமயத்தில் ஜார்ஜ்டவுன் என்ற ஊரில் அதைப் பாடியதற்காகக் கருப்பினத்தவரைச் சிறையில் போட்டார்கள். முரசு அடிக்கும் சிறுவன் ஒருவன் ஹிக்கின்சனுக்கு விளக்கம் சொன்னான்: ஆண்டவர் என்றால் வடக்குப் படையைச் சொல்கிறோம் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள்.

தோழர்களே, இந்த மூன்றையும் பிரித்துப் பாருங்கள். டக்ளஸ் 1845இல் சொன்னது துயரம் மகிழ்ச்சியாகக் கேட்கப்பட்ட கதை. 1855இல் சொன்னது ஒரே சொல்லுக்கு இரண்டு செவிகளில் இரண்டு பொருள் இருந்த கதை. டப்மன் சொன்னது பாட்டே சைகையான கதை. மறைபொருள் என்று ஒரே சொல்லால் நாம் அழைப்பவை மூன்று வேறு காரியங்கள். இவற்றைக் குழப்பிக்கொண்டால் ஒவ்வொரு தாலாட்டிலும் ஒரு ரகசியக் கடிதத்தைத் தேட ஆரம்பித்துவிடுவோம்.

வெளியே வந்த பாட்டு

1861 டிசம்பரில், வர்ஜீனியாவின் மன்றோ கோட்டையில் அடைக்கலம் புகுந்திருந்த அடிமைகள் பாடிய ‘கோ டவுன் மோசஸ்’ பாட்டு அச்சுக்கு வந்தது. 1867இல் வடக்கைச் சேர்ந்த மூன்று வெள்ளையர்கள் தொகுத்த முதல் பெருந்தொகுப்பு 136 பாடல்களோடு வெளியானது. அந்தத் தொண்டையின் நெளிவுகளை இசைக்குறிகளால் எழுத முடியவில்லை என்று தொகுத்தவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

ஆனால் இந்தப் பாடல்களை உலகத்துக்குக் கொண்டு சேர்த்தவர்கள் கருப்பின மாணவர்கள்தான். டென்னசியின் நாஷ்வில் நகரில், விடுதலையான அடிமைகளுக்காக 1866இல் தொடங்கிய ஃபிஸ்க் கல்வி நிலையம் கடனில் மூழ்கியது. அதைக் காப்பாற்ற, 1871 அக்டோபரில் ஒன்பது மாணவர்கள் பாடகர் குழுவாகப் புறப்பட்டார்கள். பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். அவர்கள் திரட்டிய பணத்தில் எழுந்த ஜூபிலி மண்டபம் இன்றும் நிற்கிறது.

அந்தக் குழுவின் எல்லா ஊர்வலங்களையும்விட நமக்கு முக்கியமானது அவர்களின் தயக்கம். குழுவின் தூணாக இருந்த எல்லா ஷெப்பர்டு இதைப் பதிவு செய்திருக்கிறார். தொடக்கத்தில் அவர்கள் அடிமைக்காலப் பாடல்களை மேடையில் பாட விரும்பவில்லை. அவை அடிமைத்தனத்தை நினைவூட்டின. மறக்க விரும்பிய காலத்தைச் சேர்ந்தவை. அதோடு அவை பெற்றோருக்குப் புனிதமானவை. கதவைச் சாத்திக்கொண்டு தங்களுக்குள் மெதுவாகப் பாடிப் பார்த்தார்கள். பின்னர்தான் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். பறையைத் தொடமாட்டேன் என்று சொன்ன நம் அப்பாக்களையும், அதையே விடுதலைக் கருவியாக மீட்டு மேடையேற்றிய நம் தலைமுறையையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முடிவுகளிலும் சுயமரியாதை இருக்கிறது.

1903இல் டுபாய்ஸ் தன் ‘த சோல்ஸ் ஆஃப் பிளாக் ஃபோக்’ நூலின் இறுதி இயலை இந்தத் துயரப் பாடல்களுக்கு ஒதுக்கினார். நூலின் இயல்களுக்கு முன்னால் இப்பாடல்களின் இசைக்குறிகளை மட்டும் சொற்கள் இல்லாமல் அச்சிட்டார். தெரிந்தவருக்கு அது பாடும். தெரியாதவருக்கு வெறும் கோடும் புள்ளியும். பாட்டை வெளியே கொண்டுவந்த பிறகும், எல்லாவற்றையும் எல்லாருக்கும் விளக்கிவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு இருக்கவில்லை என்றே இதை நாம் வாசிக்கிறோம்.

இல்லாததைத் தேடுவது

இப்போது சங்கடமான பகுதிக்கு வருகிறோம். நம் தரப்பில் நடக்கும் தவறு இது.

‘ஃபாலோ த டிரிங்கிங் கூர்ட்’ என்று ஒரு புகழ்பெற்ற பாட்டு உண்டு. தண்ணீர் மொள்ளும் சுரைக்குடுக்கையைப் பின்தொடர் என்பது பொருள். சுரைக்குடுக்கை என்பது வடவானில் அகப்பை வடிவில் தெரியும் ஏழு விண்மீன்கள், நாம் சப்தரிஷி மண்டலம் என்று சொல்வது. அது துருவ நட்சத்திரத்தைக் காட்டும். பாட்டில் வரும் ஆறுகளும் மரங்களும் அலபாமாவிலிருந்து வடக்கே தப்புவதற்கான வரைபடம் என்று விளக்குவார்கள். மரக்கால் வைத்த ஒரு மாலுமி பண்ணை பண்ணையாகப் போய் அடிமைகளுக்கு இந்தப் பாட்டைக் கற்றுக்கொடுத்தார் என்பது கதை. அமெரிக்கப் பள்ளிகளில் இதைப் பாடமாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் கூட்டங்களிலும் இதை உணர்ச்சி பொங்கச் சொல்லக் கேட்டிருக்கிறோம். நாங்களும் சொல்லியிருக்கிறோம்.

சான்றைத் தேடிப் போனால் நிலைமை வேறு. இந்தப் பாட்டும் விளக்கமும் முதன்முதலாக அச்சேறியது 1928இல், டெக்சாஸ் நாட்டார் வழக்காற்றியல் கழகத்தின் வெளியீட்டில். அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1865. இடையில் 60 ஆண்டுகளுக்கு மேல். இன்று எல்லாரும் பாடும் வடிவம் 1947இல் லீ ஹேஸ் வெளியிட்டது. தப்பி வந்தவர்கள் எழுதிய தன்வரலாறுகளில் இந்தப் பாட்டு வருவதில்லை. வடக்கே தப்பியவர்களில் மிகப் பலர் மேரிலாந்து, வர்ஜீனியா, கென்டக்கி போன்ற எல்லைப்புற மாநிலத்தவர்கள். அலபாமாவின் தென்கோடியிலிருந்து நடந்து வடக்கை அடைந்தவர்கள் மிகக் குறைவு. வரலாற்றாசிரியர்கள் இந்த விளக்கத்தைச் சந்தேகிப்பதற்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன.

நல்ல கதைதானே, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று சிலர் கேட்கலாம். இருக்கக் கூடாது என்பதற்கு மூன்று காரணங்களைச் சொல்கிறோம். ஒன்று, நாம் சொல்வதில் ஒன்று பொய்யென்று நிரூபிக்கப்பட்டால், டக்ளஸ் சொன்ன மெய்யையும் சேர்த்துக் குப்பையில் தள்ள ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். இரண்டு, இந்தக் கதையில் தப்பும் அறிவு யாருடையது என்று பாருங்கள். வெளியிலிருந்து வந்த மாலுமி வழி சொல்லிக்கொடுக்கிறார். அடிமைகள் மனப்பாடம் செய்கிறார்கள். விண்மீனைப் பார்த்துத் திசை அறிய வயலிலும் காட்டிலும் வாழ்ந்தவர்களுக்கு வாத்தியார் தேவையா? மூன்று, பாட்டைப் பூட்டாகவும் விளக்கத்தைச் சாவியாகவும் ஆக்கிவிட்டால், சாவி கிடைத்ததும் பாட்டு தேவையில்லை என்றாகிவிடும். பாடியவர்களின் துயரமும் நையாண்டியும் பக்தியும் அதில் காணாமல் போய்விடும். கானான் என்று பாடியவர்களுக்கு வடக்கும் வேண்டும், வானுலகமும் வேண்டும். பக்தி வெறும் முகமூடி என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

இருப்பதை அழிப்பது

இதற்கு எதிர்த் திசையிலும் ஒரு தவறு நடக்கிறது. ‘ஸ்விங் லோ, ஸ்வீட் சாரியட்’ என்ற பாட்டை வாலஸ் வில்லிஸ் என்பவர் ஆக்கியதாகச் சொல்லப்படுகிறது. அவர் சாக்டா பழங்குடியினரிடம் அடிமையாக இருந்தவர். அவர் பாடியதைக் கேட்ட ஒரு மதப்பணியாளர் வழியாகப் பாட்டு ஃபிஸ்க் குழுவை அடைந்தது. இன்று அதே பாட்டு இங்கிலாந்தின் ட்விக்கன்ஹாம் ரக்பி மைதானத்தில் பல்லாயிரம் பேர் கத்திப் பாடும் உற்சாகப் பாட்டு. 1988இல் அயர்லாந்துக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் கருப்பின வீரர் ஒருவர் சிறப்பாக ஆடியபோது அது அங்கே நிலைபெற்றது. 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்டு கொலைக்குப் பின் எழுந்த போராட்டங்களை ஒட்டி, அந்த நாட்டு ரக்பி அமைப்பே பாட்டின் வரலாற்றை மறுபரிசீலனைக்கு எடுத்தது. பாடுகிற பலருக்கு அது எங்கிருந்து வந்தது என்றே தெரியாது என்று ஒப்புக்கொண்டது. மரணத்தை விடுதலையாகக் கண்ட ஒரு பாட்டு பீர்க் கோப்பையோடு பாடும் பாட்டாகிவிட்டது.

நமக்கு நெருக்கமான இன்னொரு எடுத்துக்காட்டு. ‘வி ஷல் ஓவர்கம்’ தேவாலயப் பாட்டாகத் தொடங்கியது. நான் என்று பாடப்பட்டது. 1945 அக்டோபரில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் புகையிலைத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பெரும்பாலோர் கருப்பினப் பெண்கள். மறியலில் அவர்கள் பாடியபோது ‘நான்’ ‘நாம்’ ஆனது. அங்கிருந்து ஹைலாண்டர் மக்கள் பள்ளிக்கும், 1960களின் குடியுரிமைப் போராட்டங்களுக்கும் அந்தப் பாட்டு போனது. இந்தியில் கிரிஜா குமார் மாத்தூர் அதை மொழிபெயர்த்தார். இன்று இந்தியப் பள்ளி மேடைகளில் கொடியேற்றத்துக்கும் ஆண்டுவிழாவுக்கும் சீருடைப் பிள்ளைகள் அதைப் பாடுகிறார்கள். எதை வெல்வது என்று எந்த ஆசிரியரும் சொல்வதில்லை. சுருட்டுச் சுற்றிக் கூலி உயர்வு கேட்ட பெண்கள் அந்தப் பாட்டிலிருந்து துடைக்கப்பட்டுவிட்டார்கள்.

நம் திரைப்படங்களில் நடவுப் பாட்டு எப்படி வருகிறது? பச்சை வயல், வரிசையாகக் குனிந்த பெண்கள், குலவை, வரப்பில் குடை பிடித்து நடந்துவரும் நல்ல பண்ணையார். அன்றைக்குக் கூலி எத்தனை மரக்கால் என்ற கேள்வி எழுவதில்லை. சாணிப்பாலும் சவுக்கடியும் இருந்த அதே வயல்தான் அது. காரியக்காரர் காதில் விழுந்த பாட்டை மட்டும் எடுத்து, அதுதான் கிராமம் என்று நமக்கே திருப்பி விற்கிறார்கள்.

மூன்று கேள்விகள்

மாணவத் தோழர்களுக்கு மூன்று கேள்விகளை வைக்கிறோம். எந்தப் பாட்டை எடுத்தாலும் இவற்றைக் கேளுங்கள்.

முதல் கேள்வி: யார் முன்னால் பாடினார்கள்? ஆண்டை காதில் விழும்படியா, விழாதபடியா? ஜேம்ஸ் ஸ்காட் என்ற அமெரிக்க அறிஞர் 1990இல் எழுதிய நூலில், அடக்கப்பட்டவர்களுக்கு அதிகாரத்தின் முன் ஒரு பேச்சும் அதன் முதுகுக்குப் பின் ஒரு பேச்சும் உண்டு என்பதை விரிவாகக் காட்டினார். நம் பாட்டி அதை வெற்றிலை இடித்துக்கொண்டே ஒரு வரியில் கேட்டுவிட்டார். நம் சேகரிப்புகளில் பாடியவர் பெயர், வயது, ஊர் எல்லாம் இருக்கின்றன. கேட்டவர் யார் என்ற தகவல் இல்லை.

இரண்டாவது கேள்வி: பாடியதற்கு என்ன நேர்ந்தது? ஜார்ஜ்டவுன் சிறை, 1740 சட்டம், வெட்டப்பட்ட விவிலியம் ஆகியவை ஆண்டைகள் தங்களை அறியாமல் எழுதிவைத்த உரைகள். எந்த வரியைப் பாடியதால் அடி விழுந்தது, எந்தப் பாட்டை ஊர்த் தெருவில் பாடத் தடை இருந்தது, எந்த வரி பின்னாளில் மாற்றப்பட்டது என்று தேடுங்கள். தண்டனை விழுந்த இடத்தில் பொருள் இருக்கும்.

மூன்றாவது கேள்வி: பாடியவர்களே என்ன சொல்கிறார்கள்? நமக்குப் பிடித்த கோட்பாட்டை அவர்கள் வாயில் திணிக்கக் கூடாது. அது எதிர்ப்புப் பாட்டு இல்லை, வெறும் கேலிப்பாட்டுதான் என்று அவர்கள் சொன்னால் அதையும் எழுதிவையுங்கள். சொல்ல மறுத்தால் மறுத்தார்கள் என்று எழுதிவையுங்கள். அதுவும் தரவுதான்.

இந்தப் பணிக்குக் காலம் அதிகம் இல்லை. நடவு இயந்திரம் வந்துவிட்டது. இயந்திரத்தோடு சேர்ந்து யாரும் பாடுவதில்லை. பெண்கள் குனிந்தே கிடக்கும் வேலை ஒழிவது நல்லதுதான். அதற்காக நாம் கண்ணீர் விடவேண்டியதில்லை. ஆனால் அந்த வரப்புகளில் இரண்டு விதமாகப் பாடத் தெரிந்த கடைசித் தலைமுறை நம் கண்முன் போய்க்கொண்டிருக்கிறது. அவர்கள் போனபின் மிஞ்சப்போவது காரியக்காரர் கேட்ட பாட்டு மட்டுமே.

முதலில் சொன்ன பாட்டியிடம் ஐந்து ஆண்டுகள் கழித்து மறுபடி போனோம். இந்த முறை சரியான கேள்வியோடு போனோம். பாட்டி இல்லை. மகள் இருந்தார். காரியக்காரர் இல்லாதபோது பாடிய பாட்டு ஏதாவது நினைவிருக்கிறதா என்று கேட்டோம். “அம்மா அதையெல்லாம் வெளியாளுங்க முன்னாடி பாடமாட்டாங்க” என்றார். எங்களுக்குச் சுருக்கென்றது. நாங்களும் சேரிப் பிள்ளைகள்தான். ஆனால் அன்று எங்கள் கையில் ரெக்கார்டரும் படிவமும் இருந்தன. எங்கள் பேச்சில் கல்லூரி இருந்தது. அந்தப் பாட்டியின் கண்ணுக்கு நாங்கள் வயலுக்குள் இறங்கவில்லை, வரப்பில்தான் நின்றோம்.

ஆகவே, தோழர்களே, இங்கிருந்து போனதும் முதலில் உங்கள் வீட்டுக்குப் போங்கள். உங்கள் பாட்டியிடமும் பெரியம்மாவிடமும் அத்தையிடமும் உட்காருங்கள். முதல் நாளே ஃபோனை எடுத்துப் பதிவு செய்யாதீர்கள். வேலைக்குப் போன கதையைக் கேளுங்கள், கூலி எவ்வளவு என்று கேளுங்கள், வரப்பில் யார் நின்றார் என்று கேளுங்கள். பாட்டு தானாக வரும். வந்த பாட்டில் எதை ஊருக்குச் சொல்லலாம், எது வீட்டோடு இருக்கட்டும் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். ஃபிஸ்க் மாணவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு முதலில் தங்களுக்குள் பாடிக்கொண்டதைப் போல, இந்தப் பாடல்கள் முதலில் நம் வீடுகளுக்குள் ஒருமுறை முழுதாகப் பாடப்படவேண்டும். அச்சும் ஆய்வும் மேடையும் அதன்பின் வரட்டும்.

ஜெய்பீம்.